யாரும் லைட் அடிக்காத கார்

கான்ஸ்டான்சா நகரம்

அன்புள்ள அவ்ரிகாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

நேற்று எங்கள் கராஜுக்கு வந்த ஒருவர், போலீசின் ராடாரையும் லேசரையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கும், சட்டப்படி தடைசெய்யப்பட்ட கருவியைத் தன் காரில் வெளியே தெரியாமல் பொருத்தச் சொன்னார். ஒட்ட வெட்டிய முடி, பளபளக்கும் ஷூ.

"மாட்டிவிட வந்தவன்டா, ஜாக்கிரதை," என்று முதலாளி கோஸ்டெல் என் காதைக் கடித்தார்.

ஒயரை மறைத்துக்கொண்டே கேட்டேன்: "முன்னாடி போலீஸ் நின்னா, எதிர்ல வர்றவங்களே லைட் அடிச்சுச் சொல்லிடுவாங்களே சார்?"

"எனக்கு எவனும் அடிக்க மாட்டான். நானே டிராபிக் போலீஸ்தான். என் காரு ஊருக்கே தெரியும்."

அவர் மாட்டிவிட வரவில்லை என்பதை இன்னும் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் ஒழுங்காகவே பொருத்திக் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வேன் டிரைவரிடமே கம்பளி சாக்ஸும் செர்ரி ஜாமும் கொடுத்தனுப்பு. ஹார்ன் அடித்து அவசரப்படுத்துகிறான்.

காலையில் சாலையோரம் நடக்கையில் எதிரே வந்த கார் லைட் அடித்தது. எனக்குப் பின்னால் வந்த லாரிக்குத்தான். ஆனாலும் கையசைத்துவிட்டேன்.

உன் ஒனிசிம்