ஆரஞ்சு ஜாடியில் நீராகாரம்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். ஒரகடம் சந்திப்பில் கம்பெனி வேன் இருபது நிமிடம் நின்றது. கார் ஏற்றிப்போகும் நீள லாரிகள். பி.பி. மாத்திரை எடுத்தேனா என்று வழியெல்லாம் சந்தேகம்.

புது லாட் சோதனை தொடக்கம். ஆறு கிண்ணம், ஆறு கப். நான்கு சதவீத அசிட்டிக் அமிலம், விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை. மூடி, இருட்டு அலமாரியில், இருபத்து நான்கு மணி நேரம். பிறகு வடித்துச் சென்னை லேபுக்கு. பீங்கான் பூச்சிலிருந்து ஈயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு இதுதான் வேலை. தொழிலாளர்கள் வைத்த பெயர் வினிகர் தாத்தா. நேரில் சார்.

மதியம் கேன்டீனில் பேச்சி எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டில் பூ ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவு. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பென்னலூரில் கணவனோடு ஒற்றை அறை. கர்ப்பிணி, நான்காம் மாதம். பாட்டிலிலிருந்து தம்ளரில் நீராகாரம் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க சார். மொகமெல்லாம் செவந்து கெடக்கு. சூடு எறங்கும்."

நல்ல புளிப்பு. மோர், சின்ன வெங்காயம். நன்றாக இருக்கிறது என்றேன்.

"ரூம்ல பிரிட்ஜ் ஏது? மிச்சச் சோத்துல தண்ணிய ஊத்தி ஜாடில வச்சிருவேன். காலைல ஜில்லுன்னு இருக்கும். நீங்க குடுத்த ஜாடிதான் சார், அந்த ஆரஞ்சு."

இரண்டாவது வாய் அப்போதுதான் எடுத்திருந்தேன். விழுங்கினேன்.

அடியில் எழுதியிருந்தேனே என்று கேட்டேன்.

"அந்த மார்க்கர் கிறுக்கலா? புளி வச்சித் தேச்சேன். பளபளன்னு போயிருச்சு."

மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள். மணி அடித்திருக்காவிட்டால் சொல்லியிருப்பேன் என்று எழுத நினைத்தேன். நிச்சயமில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். தயிர் வாங்க மறந்தேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

1. சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். சூளை எரியும்போது மின்வெட்டு. சூடு போதாமல் ஆரஞ்சுப் பூச்சு சரியாக உருகிப் பிடிக்கவில்லை. அந்தப் பூச்சில் ஈயம் உண்டு.

2. சோதனையில் அந்த ஜாடிகள் தேறவில்லை. தேறாததைச் சுத்தியலால் உடைத்து, உடைப்புப் பதிவேட்டில் நான் கையெழுத்திட வேண்டும்.

3. பதினொரு ஜாடி. பார்க்க அவ்வளவு அழகு. பெண்கள் வந்து கேட்டார்கள், பூ வைக்கிறோம் சார், உடைக்காதீங்க சார் என்று.

4. கொடுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கரால் 'உணவுக்கு அல்ல' என்று எழுதினேன். வழவழப்பான பூச்சில் மை நிற்காது. வேதியியல் படித்தவன்.

5. பதிவேட்டில்: 'பதினொன்றும் உடைக்கப்பட்டன.' கையெழுத்து.

இன்னொன்று. கார்த்திகையில் பேச்சிக்கு ஒரு கரு கலைந்தது. கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். ஜாடியால்தான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

இன்று எனக்கென்று தனி பாட்டில் கொண்டுவந்திருந்தாள். "நேத்து ஆசையாக் குடிச்சீங்கள்லா, அதான்." கொஞ்சம் சோதனைக்கு எடுத்துவைத்தேன். மீதியைச் சோதனை அறை சிங்க்கில் ஊற்றினேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

அவள் தன் பங்கைக் கேன்டீனில் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

லாட் பாட்டில்களோடு அவளுடைய தண்ணீரும் லேபுக்குப் போயிற்று. வெறும் எண் போட்டேன். பெயரில்லை.

இன்றும் ஒரு பாட்டில். இன்றும் சிங்க். திரும்பினால் கதவருகே சூப்பர்வைசர் தனசேகர். இந்த ஊர்க்காரர், சத்தமான ஆள்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு ஆசையா குட்த்தா நீ பாட்டுக்கு ஊத்திகினு கீற?"

உப்பு ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அத்த அது கைல சொல்றதுதான? பாவம் சார் அது."

சிரித்துக்கொண்டே போனார்.

மாலை, வீட்டில் மனைவி கமலத்திடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"நாம ஈயச் சொம்புல ரசம் வெக்கலையா?"

அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம், வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பிடிக்கும் என்றேன்.

"அவகிட்ட சொன்னேளா?"

ரிசல்ட் வரட்டும். நான் தவறாக இருக்கலாம். ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் பயமுறுத்தக் கூடாது.

"ஆத்துக்குள்ள பாம்பு வந்தாலும் லேபுக்கு அனுப்பி, விஷம் இருக்குன்னு எழுதி வாங்கிண்டுதான் கத்துவேள்."

அரிசி உப்புமா. தேங்காய்த் துவையல். உப்பு அதிகம்.

ஜூன் 12, வியாழன்

மேகம். மழை இல்லை.

இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன்.

மதியம் கேன்டீன் நிறைந்திருந்தது. பேச்சி என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா சார்? எங்க கையால குடுத்தது ஒங்களுக்கு ஆகாதோ?"

என்னம்மா என்றேன்.

"கோயில் வீட்டு ஆளு, அதான் சிங்க்குல ஊத்துதாருன்னு சொல்லுதாக. வேண்டாம்னா மொத நாளே சொல்லிருக்கலாம்லா. நான் என்ன, கையப் புடிச்சா ஊத்துனேன்?"

அடுத்த மேசையில் தனசேகர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் தலைகள் திரும்பின. ஐம்பது பேராவது இருப்பார்கள்.

அந்த நேரத்தில் சொல்வதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, அதில் ஈயம் இருக்கிறது. மற்றது, ஐயோ அப்படியில்லை அம்மா. இரண்டாவதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, தம்ளர் நிறைய ஊற்றி, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தேன். உதடு படக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் என்று தம்ளரை நீட்டவும் செய்தேன்.

யாரோ கை தட்டினார்கள். "தாத்தா சூப்பரு!" என்றார் தனசேகர்.

பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிருங்க சார். நாந்தான் கோட்டித்தனமா நெனச்சிட்டேன்."

எதிரே உட்கார்ந்தாள். பாட்டிலில் மீந்ததைத் தனக்கு ஊற்றிக்கொண்டாள். ஒரு தம்ளர். என்னைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு அரைத் தம்ளர். நானும் சிரித்தேன்.

சாதி பார்ப்பவன் என்ற பெயர் வரக்கூடாது என்பதற்காக ஒரு குழந்தைக்கு...

ஜூன் 13, வெள்ளி

வெயில். 11.10-க்கு ரிசல்ட். எண்ணை இங்கே எழுதவில்லை. லேபிலிருந்து போன் வேறு செய்தார்கள். "இது என்ன சாம்பிள் சார்? பேட்டரித் தண்ணியா?" ஆமாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

காகிதத்தில் மூன்று வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்தேன். டீ இடைவேளையில் அவளைப் பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த ஜாடியிலிருந்து காரீயம் தண்ணீரில் இறங்குகிறது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அது விஷம். இன்றே நிறுத்திவிட்டு ரத்தம் சோதிக்க வேண்டும்.

முதலில் சிரித்தாள். பிறகு டீ கப்பைக் கீழே வைத்தாள்.

"கார்த்திகைல ஒண்ணு போச்சே. அதுவும் இதானா?"

தெரியாது என்றேன். யாராலும் சொல்ல முடியாது.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

ரிசல்ட் இன்றுதான் வந்தது.

"ரிசல்ட்டக் கேக்கல சார்."

திங்கட்கிழமை என்றேன்.

விரலை மடக்கினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். கட்டை விரலில் வந்து நின்றாள். காலையிலும் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"ஒங்க பங்க சிங்க்குல ஊத்துனீங்க. சரி, நல்லதுதான். எனக்குள்ளதயும் வாங்கி ஊத்தியிருக்கலாம்லா சார்?"

சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டேன். அதில் மூன்று வாக்கியம்தான்.

அழவில்லை. திரும்பிப் போய் இடத்தில் உட்கார்ந்து பூ ஒட்டினாள். பிற்பகல் அவள் ஒட்டிய தட்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

ஜூன் 14, சனி

தலைவலி. ஈயமா, பயமா?

பேச்சி மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டாள். காலை ஷிப்டுக்கு ஜாடியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி அதில் ஊறுகாய் போட்டிருக்கிறாள். ஒருத்தி பிள்ளைக்குத் தயிர் உறைய வைக்கிறாள். உண்மையாகவே பூ வைத்தவள் ஒரே ஒருத்தி.

11.30-க்கு முதலாளி கூப்பிட்டார். ஏ.சி. அறை. தண்ணீர் கொடுத்தார். குரல் உயரவே இல்லை.

"ரிஜிஸ்டர்ல பதினொண்ணும் உடைச்சாச்சுன்னு இருக்கு சார். உங்க கையெழுத்து. உடைச்ச ஜாடி எப்படி சார் பென்னலூருக்கு நடந்து போச்சு?"

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

"ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ இத்தனை வருஷமா நீங்க குடுத்த ரிப்போர்ட் எல்லாமே சந்தேகம்தான். அதை நான் வெளியில சொல்லியே ஆகணும். இல்லன்னா, உடைக்கறதுக்கு ஒதுக்கி வெச்சதை இவங்க உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டாங்க. நீங்க படிச்சவர். உங்களுக்கே தெரியும்."

டைப் செய்த தாள் தயாராக இருந்தது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துச் செல்லப்பட்டன.' இரண்டு முறை படித்தேன். கீழே பெயர்களுக்கு இடம் விட்டிருந்தது.

"யார் யாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?"

யாரிடமும் கொடுக்காதவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பதினொரு பெயரையும் எழுதினேன். அகர வரிசையில். பழக்கம். கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கமலம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன்.

"யாருக்கு?" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

விடிகாலையில் தூறல். வேன் சரியான நேரத்துக்கு வந்தது.

வாசலில் பேச்சி. பக்கத்தில் அவள் கணவன், மறைமலை நகரில் கார் கம்பெனி வேலை, ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தான். அவள் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும். ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அடையாள அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தாள்.

தனசேகர் வந்தார். கையில் தாள்.

"உள்ள வுட வாணாம்னு ஆர்டர்மா. உன்ன மட்டும் இல்ல, பதினோரு பேரையும். ஜாடி திருட்டுன்னு கீது."

"திருட்டா?" கணவன் ஓர் அடி முன்னால் வந்தான். பேச்சி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, வேல போனா போவுது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி அட்டையும் சேந்து போயிரும்ணே. வயித்துப் புள்ளய வச்சிக்கிட்டு நான் எங்க போயிக் காட்ட?" அப்போது வேனிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் தெளிந்தது. அதை நான் பார்த்தேன். "இந்தா சாரே வந்துட்டாரு. சொல்லத்தான் பிந்திட்டாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு. அவரு குடுத்ததுதான் அது. அவரையே கேளுங்க."

கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

வேனில் வந்தவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. தனசேகருக்கே சங்கடம். என் கண்ணைப் பார்க்காமல் தாளை என் முன்னால் நீட்டினார். எல்லாம் அறிந்தவர். ஆயுத பூஜை அன்று பெண்கள் ஜாடியோடு போனதை இதே வாசலில் நின்று பார்த்தவர்.

"சார், இது உங்க கையெழுத்துதான?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என்னுடையதுதான் என்றேன். அவர் அதை மட்டும்தான் கேட்டார்.