பச்சை கவுன்காரி கரையேறிய விதம்

என் அருமை வசு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்துவிட்டு இன்றைக்கு உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் துக்கம் இல்லை, சந்தேகம். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று கிளம்பியிருக்கிறது. கேட்கத்தான் நீ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இனியா வந்திருந்தாள். உன் பீரோவை ஒழிக்கும்போது அவளுக்கு நான்கு தாள் கிடைத்ததாம். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்கள், உன் உருண்டைக் கையெழுத்து. முதல் தாளின் மூலையில் சிவப்பு மையில் "ஆதாரம் இல்லை. பொய்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது. "அம்மா எழுதினதுல இப்படிக் கிறுக்கினது யாரு பெரியம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாதே கண்ணா என்று சொல்லிவிட்டேன். பதினோரு வயதுப் பெண்ணிடம் இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளிடம் எதை, எப்படிச் சொல்வது என்ற குழப்பத்தில்தான் இந்தக் கடிதம்.

பத்திரிகையில் என் பத்தியாக இது வரும், மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில், நாம் ஏழாம் வகுப்பு. உன் அப்பாவுக்கு தி. நகரில் ஜவுளிக்கடை, அதனால் தெருவிலேயே பெரிய டிவி உங்கள் வீட்டில். நம் பக்கத்துக்கெல்லாம் கேபிள் கொடுத்த அண்ணன் வீடியோ கேசட் கடையும் வைத்திருந்தார். சாயந்திரம் ஐந்து மணிக்குத் தன் சொந்தச் சானலில் ஒரு கார்ட்டூன் கேசட் போடுவார். ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம். ஒரு தம்பி, பச்சை கவுன் போட்ட அக்கா, ஒரு ஆடு. அதன் இங்கிலீஷ் பெயர் நம் வாயில் நுழையவில்லை. 'விளக்கு வீடு' என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம்.

எனக்கு அதைப் பார்ப்பதைவிட அதில் தப்புக் கண்டுபிடிப்பதில்தான் ருசி. அதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டு, அட்டையில் 'குற்றப்பத்திரிகை' என்று எழுதியிருந்தேன். தம்பியின் கால்சட்டை ஒட்டு இடது முட்டியிலிருந்து வலது முட்டிக்கு மாறினால் ஒரு குற்றம். காலையில் கொம்போடு மேய்ந்த ஆடு சாயந்திரம் மொட்டைத் தலையோடு திரும்பினால் இன்னொன்று. நீ பக்கத்தில் முறுக்கைக் கடித்தபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்வாய். அவனிடம் இரண்டு கால்சட்டை இருக்கிறதாம். அது அந்த ஆடு இல்லையாம், அதன் தங்கச்சியாம். படம் எடுத்தவர்கள் உனக்கு என்ன சொந்தமா என்று நான் கேட்பேன். ஆட்டுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள் என்பாய்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. அக்காக்காரி பாறையிலிருந்து வழுக்கினாள். தம்பி கையைப் பிடித்தான், பிடி நழுவியது, கடல் அவளை இழுத்துக்கொண்டு போனது. அத்தோடு கேசட் முடிந்தது. அன்றைக்கு நீ ராத்திரி சாப்பிடவில்லை என்று உன் அம்மா மறுநாள் வந்து என் அம்மாவிடம் சொன்னார். அந்த மறுநாளே ஐந்து மணிக்கு டிவியைப் போட்டால், அதே அக்கா அதே பச்சை கவுனில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். புயலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கிறது சின்னப் பிள்ளைகள்தானே, எதைக் காட்டினாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும் என்று நினைத்துவிட்டார்களா என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நாற்பத்தோராவது குற்றம், கொட்டை எழுத்தில்.

இரண்டு நாள் கழித்து அந்த நான்கு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாய். மீன் வாங்க உன் அம்மாவோடு பட்டினப்பாக்கம் போய்வருவாய் அல்லவா, அங்கே பார்த்த வலையெல்லாம் கதைக்குள் வந்திருந்தது. வலையில் சிக்கிய பெண்ணை ஒரு மீன்காரம்மா தூக்கிக்கொண்டு போய் மூன்று நாள் காய்ச்சலுக்குப் பார்க்கிறாள். இருவருக்கும் பாஷை புரியவில்லை. பெண் மணலில் கலங்கரை விளக்கத்தை விரலால் வரைந்து காட்டுகிறாள். படகில் கொண்டுபோய் விடுகிறார்கள். கையை விட்டுவிட்டோமே என்று தம்பிக்கு வெட்கம். அதனால்தான் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

அதில்தான் நான் சிவப்பு மையால் எழுதினேன். எழுதியதோடு விடவில்லை. டீச்சர் வராத ஒரு பீரியடில் பெஞ்சு மேல் ஏறி நின்று வகுப்புக்கே வாசித்துக் காட்டினேன். "இன்னா கண்ணு, எந்தூரு நீ?" என்று மீன்காரம்மா கேட்கும் இடத்தை இழுத்து இழுத்து நடித்தேன். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்கப்புறமும் ஐந்து மணிக்கு ஒன்றாகத்தான் டிவி பார்த்தோம், ஆனால் நீ எந்த ஆட்டுக்காகவும் பேசவில்லை. எதையும் எழுதவும் இல்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் நடந்ததைக் கேள். நம் ஏழாம் வகுப்பில் நடந்த என் சித்தியின் கல்யாணக் கேசட்டை டிஸ்க்கில் மாற்றித் தரச் சொல்லி அவள் பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்த நகலை அடையாறில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். கடைக்காரப் பெண் போன் செய்து, "மேடம், கல்யாணம் முடிஞ்சப்புறம் ஏதோ பொம்மைப் படம் ஓடுது, அதையும் சேர்க்கணுமா?" என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன். பெரியவர்கள் அட்சதை போடுகிறார்கள், 'நன்றி' என்று எழுத்து வருகிறது, திரை ஒரு தடவை குதிக்கிறது. அப்புறம் நம் தீவு. பச்சை கவுன்காரி கரையில் உட்கார்ந்திருக்கிறாள். தலை ஈரம். யாருடையதோ ஒரு கம்பளியைப் போர்த்தியிருக்கிறாள். தம்பி தூரத்திலிருந்து ஓடி வருகிறான். மொத்தம் ஆறு நிமிஷம்.

அப்பாவிடம் கேட்டேன். ஞாபகப்படுத்திச் சொன்னார். கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகளுக்காகக் கேபிள் அண்ணன் கடையிலிருந்து ஐந்தாறு கேசட் வாடகைக்கு எடுத்து வந்தாராம். கல்யாண வீடியோவை நகல் எடுக்கக் காலி கேசட் ஒன்று குறைந்ததாம். மேலே எதையும் பதிய முடியாதபடி ஓரத்தில் உடைத்திருப்பார்களே, அந்த ஓட்டையில் செலோடேப்பை ஒட்டி, கையில் கிடைத்த கார்ட்டூன் மேல் பதிந்துவிட்டார். "பொம்மைப் படம்தானே, யார் தேடப்போறான்னு நெனச்சேன்" என்றார்.

கேபிள் அண்ணனையும் போய்ப் பார்த்தேன். அதே தெருவில்தான் இருக்கிறார், இப்போது இன்டர்நெட் கொடுக்கிறார். "கைல கீறததானேம்மா போட முடியும். அஞ்சாம் நம்பரு கேசட்டு சிக்கி வீணாப் பூட்ச்சுன்னாரு உங்கப்பா. நாலுக்கு அப்பால ஆறப் போட்டேன். ஒரு புள்ளகூட வந்து கேக்கல" என்றார்.

ஆமாம் வசு, நாம் கேட்கவில்லை. கடை எட்டு வீடு தள்ளி இருந்தது. எங்கோ இருக்கிறவர்கள் மேல் குற்றப்பத்திரிகை எழுதத் தெரிந்த எனக்கு அங்கே போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நாற்பத்தோராவது குற்றம் எங்கள் வீட்டு டிவிக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. ஆட்டுக் கொம்பு மட்டும் அவர்கள் தப்புதான், அதை நான் விடுவதாக இல்லை.

சினிமாவில் குறை சொல்வதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது, உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு மாதமாகப் புதிதாக யோசிக்கிறேன். குழந்தைகளுக்கு எடுத்த பழைய படத்தை எவ்வளவு கறாராகப் பார்க்கலாம்? குழந்தைகளுக்குத்தானே என்று விட்டுக்கொடுத்தால் அப்பா சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. விடாமல் பிடித்தால், என்னைப் போல், கண் முன்னால் இருப்பது முழுப் படமா என்றுகூடப் பார்க்காமல் தீர்ப்பு எழுத நேர்கிறது. நீ குழந்தைகளுக்குத்தானே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஓட்டை இருப்பது உனக்கும் தெரிந்தது. அதை நீ நம்பிப் பார்த்தாய்.

அவளைக் கரையேற்றியது யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அந்தப் பகுதி சித்தியின் முகூர்த்தத்துக்கு அடியில் போய்விட்டது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு படகின் மூக்கு தெரிகிறது. வலை இருக்கிறதா தெரியவில்லை. இணையத்திலும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. இன்றைய தேதிக்கு உன் நான்கு தாளைத் தவிர வேறு தகவல் கிடையாது.

கேசட்டில் கிடைக்காத வேறு சில கேள்விகளும் உண்டு. அன்றைக்கு ஏன் நீயும் சிரித்தாய்? என் சிவப்பு மையோடு அதை ஏன் இவ்வளவு வருஷம் வைத்திருந்தாய்? ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விளக்கு வீடு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். நான் உடனே ஆட்டுக் கொம்புக் கதையை ஆரம்பித்தேன். நீ முடியும்வரை கேட்டுவிட்டுத் தண்ணீர் வேண்டும் என்றாய். வேறு ஏதோ கேட்கத்தான் அன்று வாயெடுத்தாயா?

வருகிற ஞாயிறு இனியா வருவாள். ஆறு நிமிஷத்தையும் போட்டுக் காட்டுவேன். அந்தச் சிவப்பு மை என்னுடையது என்றும், தெரியாது என்று சொன்னது பொய் என்றும் சொல்வேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள், உன் பெண் கேட்காமல் விடமாட்டாள். படம் எடுத்தவர்கள் மேல் கோபம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், சத்தியம். முதல் தடவை வாசித்தபோது அந்த மணல் இடத்தில் எனக்கு அழுகை வந்தது என்றும், என்னால் அப்படி ஒரு வரி எழுத முடியாது என்று பொறாமையில்தான் பேனாவை எடுத்தேன் என்றும் சொல்வேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை வசு. உன்னிடம்கூட.

உன் மகளுக்குப் பெரியம்மாவான,
பத்மா