இருபத்திரண்டு நிமிடம்

அண்ணே,

இன்று காலை உங்கள் கைக்கடிகாரத்துக்குப் புது செல் போட்டு வாங்கினேன். கடைக்காரர், "வார் இத்துப்போச்சும்மா, மாத்திடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். மூக்கருகே கொண்டுபோனால் அந்தத் தோல்வாரில் இன்னும் உங்கள் திருநீறு மணக்கிறது.

உங்களுக்குத் தெரியாததா, கோயிலுக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் நாங்கள் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். மூடிக் கிடக்கும்போது துளசி மணிமாலையை உருட்டி நாமம் சொல்லிக்கொண்டு நிற்பேன். கேட் திறப்பதற்குள் மாலை எத்தனை சுற்று வந்தது என்று வீட்டுக்கு வந்ததும் பால் கணக்கு நோட்டிலேயே எழுதிவைப்பேன். காலை ஒன்றரைச் சுற்று, மாலை இரண்டு சுற்று என்று.

நீங்கள் எம்.பி. ஆனதும் மேம்பாலத்துக்கு மனு வாங்க எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். நான் நோட்டை நீட்டினேன். "இன்னாம்மா இது, கேட்டுக்குக் கணக்கு கேட்டா கோயில் கணக்கைக் குடுக்கிற?" என்று சிரித்தீர்கள். பிறகு எதிரில் உட்கார்ந்து, என்னை உருட்டச் சொல்லி, இதே கடிகாரத்தைப் பார்த்து, 'ஒரு சுற்று எட்டு நிமிடம்' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டீர்கள். பள்ளிக்கூடம் போகாமல், காலண்டர் தாளைப் பார்த்து எழுதப் பழகியவள் நான். என் நோட்டு டெல்லிக்குப் போயிற்று.

அதில் ஒரு நாள் மட்டும் ஐந்து சுற்று. எதிர்வீட்டுப் பெண் பிரசவ வலியோடு ஆட்டோவில் கேட்டில் மாட்டிக்கொண்ட நாள். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணியை உருட்டினேன். பிள்ளை தங்கவில்லை.

நாடாளுமன்றத்தில் நீங்கள் எழுந்து, "நாற்பது நிமிடம் அந்தப் பெண் காத்திருந்தாள்" என்றபோது தெருவே டி.வி. முன்னால் இருந்தது. அமைச்சர் தாளைப் புரட்டினார். கேட் பதிவேட்டின்படி அன்று இருபத்திரண்டு நிமிடம்தான், உறுப்பினர் மிகைப்படுத்துகிறார் என்றார். அவையில் சிரித்தார்கள். நீங்கள் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தீர்கள். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டி.வி.யை அணைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் முன் உட்கார்ந்து, அன்று பயத்தில் உருட்டின வேகத்தில் ஐந்து சுற்று உருட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

ஊரில் உங்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். டீக்கடை வழியாக நீங்கள் போனால், "நாப்பது நிமிஷம் வர்றாருபா, வழி உடு!" என்பார்கள். உங்கள் வீட்டுக்கு வந்து அழுதேன். தப்பு என்னுடையது, என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா உன்னத்தானம்மா கேலி பண்ணுவானுங்க. எனக்கு அது பழக்கம்" என்றீர்கள். "உன் தப்பு இல்லம்மா. இருவத்திரண்டு நிமிஷம் போதாதா ஒரு உசுரு போறதுக்கு? அத்த அங்கியே கேட்டிருக்கணும். தாளைப் பாத்துக்கினு நின்னுட்டேன்."

பிறகு நோட்டைத் திருப்பித் தந்து, இந்தக் கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தீர்கள். "இனிமே மணியை சாமிக்கு உருட்டு. கேட்டுக்கு இத்த பாரு. அடுத்த கூட்டத்துல திரும்பக் கேக்கறேன்."

அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் இல்லை.

உங்களைத் தூக்கிப்போன வண்டியும் அந்தக் கேட்டில்தான் நின்றது அண்ணே. மாலைகள் வெயிலில் வாடின. கூட்டத்தில் அந்த டீக்கடைக்காரரும் நின்றிருந்தார். "இவரையுமா நிக்க வெக்கணும்?" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியைத் தொடவில்லை. பத்தொன்பது நிமிடம். வீட்டுக்கு வந்து, குளித்து, எழுதிவைத்தேன்.

இன்று காலை கோயிலுக்குப் போகும்போது பதினோரு நிமிடம். உங்களுக்குப் பின்னால் எம்.பி.யாக வந்தவரின் அலுவலகத்தில் நோட்டைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கொண்டுபோகிறேன். முதல் பக்கத்தில் அந்த ஐந்து சுற்றை அடித்து, இருபத்திரண்டு நிமிடம் என்று திருத்தியிருக்கிறேன். பக்கத்தில், 'தவறு என்னுடையது' என்றும் எழுதினேன். உங்களுக்குத் தெரிந்தால் திட்டுவீர்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே என் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறேன்.