இன்னும் வராத திரை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று எழுதியது: அடுத்த வருடம் வரப்போகும் மடிப்புப் போன்களில் நடுக்கோடு தெரியாதாம். கமெரா திரைக்குக் கீழே ஒளிந்திருக்குமாம். ஓரச் சட்டமே இல்லாமல் விளிம்புவரை வெளிச்சமாம். எல்லாம் 'ஆம்' தான். எங்கோ ஒருவர் கசியவிட்ட படம், அதைப் பார்த்து இன்னொருவர் ஊகித்த ஊகம். அதை நான் தமிழாக்கிக் கொடுக்க ஜெயசுதன் தன் யூடியூப் பக்கத்தில் வாசிக்கிறான். மருதனார்மடச் சந்தையில் மரக்கறி விற்பவர்கூடப் பார்க்கிறாராம். அந்தப் போன்களில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. என் போனின் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு.

பௌதிகம் படித்ததற்கு இதாவது கிடைத்ததே. வீட்டில் இருந்தே செய்யலாம், லக்ஷன் பகலில் தூங்கும் நேரத்தில். அவன் தூங்காத நாட்களில்—

மத்தியானமும் போனைக் கொடுத்துத்தான் சோறு தீத்தினேன். மூக்கில் முட்டுமளவுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கிறான். தள்ளிப் பிடித்தால் வீரிட்டுக் கத்துகிறான். மூன்றரை வயது. நான்தான் பழக்கினேன். வேறு ஆர்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்றும் மூக்கோடுதான். களைப்பு. வேறொன்றும் எழுத இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நல்லூர்த் தேர். பிரணவன் லீவு எடுத்து வவுனியாவிலிருந்து வந்திருந்தார். வங்கி வேலை அவரைக் கிழமை முடிவில் மட்டும்தான் எனக்கும் மகனுக்கும் தருகிறது. வெயிலில் சனம் நெரித்தது. லக்ஷனைத் தோளில் ஏற்றி வைத்திருந்தார்.

"சாமி தெரியுதோ ராசா?"

"ஓம்."

"எங்கை, காட்டு பாப்பம்?"

கையை நீட்டினான். அங்கே ஐஸ்கிறீம் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது.

"உவருக்கு முருகன் ஐஸ்கிறீம் வண்டியிலை வாறார்!" என்று பிரணவன் சொல்ல, பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் தேர் எவ்வளவு பெரியது. எவ்வளவு கிட்ட நின்றது. சத்தம் வந்த பக்கத்தைத்தான் பிள்ளை காட்டினான்.

போன் கண்ணைத் தின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்வரை இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வெளியே சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெயசுதன் எடுத்தான். "அக்கா, பொடியள் மட்டும்தான் எங்கடை வீடியோவைப் பாக்கிறாங்கள். அம்மாமார் பாக்கிற மாதிரி ஒண்டு எழுதித் தாங்கோ."

தேடியதில் ஒரு செய்தி கிடைத்தது. ஒரு நிறுவனம் காகிதம் போன்ற திரையை முயன்று பார்க்கிறதாம். கண்ணாடிபோல் மினுங்காதாம். அவ்வளவுதான் இருந்தது. நான் எழுதியது இது: 'வெள்ளைத்தாளில் விழும் காலை வெயிலைப் போன்ற இந்தத் திரை, குழந்தைகளின் கண்களுக்கு இதமாக இருக்கக்கூடும்.'

குழந்தைகள் அந்தச் செய்தியில் எங்கும் இல்லை. காலை வெயிலும் இல்லை. எழுதும்போது குசினி யன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது, லக்ஷன் நிலத்தில் போனோடு கிடந்தான். எழுதி முடித்ததும் மனதுக்கு ஒரு சுகம். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீடியோ வந்துவிட்டது. 'கூடும்' போய்விட்டது. ஜெயசுதன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான்: "குழந்தையளின்ரை கண்ணுக்கு ஒரு பாதிப்பும் வராது!"

"ஏன் தம்பி மாத்தினனீர்?"

"கூடும் கீடும் எண்டால் ஆரக்கா பாப்பினம்? இன்னும் வராத போன்தானே. அதாலை ஆருக்கு என்ன நட்டம்?"

உண்மைதானே, ஆருக்கு?

செப்டெம்பர் 4, வியாழன்

நேர்சரி வாசலில் ஸ்ரெல்லா ரீச்சர் மறித்தா. "லக்ஷன்ரை அம்மா, ஒருக்கா நில்லுங்கோ. பிள்ளை நான் எழுதிற போட்டுக்குக் கிட்டப் போய் நிண்டுதான் பாக்கிறார். நான் தூரத்திலை நிண்டால் குரலைக் கேட்டுத்தான் திரும்புறார். ஒரு கண் டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்." பிறகு, "வீட்டிலை போன் பாக்கிறவரோ?"

மற்ற அம்மாமார் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடைக்கிடை," என்றேன். பச்சைப் பொய்.

பிரணவனுக்குச் சொன்னதும், "அப்ப காட்டுவம், நான் சனிக்கிழமை வாறன்," என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். முதலில் போனை நிறுத்திப் பார்ப்போம், சரிவந்தாலும் வரும் என்றேன்.

"நீர் எதுக்கு இவ்வளவு பயப்பிடுறீர்?"

எதுக்கோ? டொக்டரும் ரீச்சர் கேட்டதைத்தான் கேப்பார். எவ்வளவு நேரம் பாக்கிறவர், எத்தினை வயசிலை தொடங்கினது, ஆர் குடுத்தது. நான் என்னத்தைச் சொல்லுறது. படிச்ச பிள்ளை, போனைப்பற்றியே எழுதிற பிள்ளை, தன்ரை பிள்ளையின்ரை கண்ணை— என்னாலை அந்தக் கதிரையிலை போய் இருக்க ஏலாது.

செப்டெம்பர் 9, செவ்வாய்

போனை அலுமாரிக்கு மேல் வைத்தேன். லக்ஷன் காலையும் சாப்பிடவில்லை, மத்தியானமும் சாப்பிடவில்லை. முற்றத்தில் குந்தி இருந்து தன் உள்ளங்கையை மூக்கோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பொத்தானை. பிறகு நிலத்தில் குப்புறக் கிடந்து ஓர் எறும்பை.

போன் இல்லையென்று கையையே போனாக்கிவிட்டான். பின்னேரம் நானே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தான். தோற்றது நான்தான்.

செப்டெம்பர் 17, புதன்

ரொறன்ரோவிலிருந்து உதயகலா மச்சாள் எடுத்தா. பிரணவனின் அக்கா. சண்டைக்கும் வருவா, சாமானும் அனுப்புவா.

"தர்சி, தம்பி எல்லாம் சொன்னவன். நீ ஒண்டுக்கும் யோசியாதை. புதுசா ஒரு போன் வரப்போகுதாம், பிள்ளையளின்ரை கண்ணுக்கு ஒண்டும் செய்யாதாம். யூடியூப்பிலை ஒரு பொடியன் நல்ல விளக்கமாச் சொன்னவன். வெள்ளைத்தாளிலை காலமை வெயில் விழுந்த மாதிரியாம். வந்த உடனை வாங்கி அனுப்புவன். அதுமட்டும் உந்த உடைஞ்ச போனைப் பிள்ளையிட்டைக் குடாதை, விளங்கிச்சோ?"

நான் ஏதோ மொழிபெயர்ப்பு செய்கிறேன் என்பதற்கு மேல் மச்சாளுக்குத் தெரியாது. "ஓம் மச்சாள்," என்றேன்.

நடந்ததை அப்படியே எழுத வேண்டும். அந்த வரி எந்த யன்னலடியில் இருந்து எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மச்சாளின் வாயால், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தபோது அது செய்தியாகவே கேட்டது. பின்னேரம் முழுக்க மனம் பஞ்சாக இருந்தது. அந்தப் போன் வரட்டும், அதற்குப் பிறகு டொக்டரிடம் போகலாம் என்றுகூட யோசித்தேன். பழுதாக்கிய திரை போய் நல்ல திரை வந்தால் கண்ணும் திரும்பிவிடும் என்பதுபோல.

நான்தானா இப்படி யோசித்தேன்?

செப்டெம்பர் 18, வியாழன்

தேடிப் பார்த்தேன். மூன்று தமிழ்ப் பக்கங்களில் வந்திருக்கிறது. மூன்றிலும் காலை வெயில். ஒன்றில் 'நிபுணர்கள் தெரிவிக்கின்றனர்' என்று வேறு. நிபுணர் இங்கே கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறா.

இரண்டு நாளாவது அதை நம்பலாம் என்று இருந்தேன். இந்தத் தேடல் ஒருநாள்கூட விடவில்லை. அப்படியிருந்தும் பிரணவன் டொக்டரைப்பற்றிக் கேட்டதும் வாய் தானாகச் சொன்னது: "உதயகலா மச்சாள் சொன்ன போன் வரட்டுமே."

"தர்சிகா, அது நீர் எழுதினதெல்லே?"

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 27, சனி

லக்ஷன் வாசற்படியில் தடக்கி விழுந்தான். நெற்றியில் வீக்கம். நல்ல வெளிச்சம் இருந்த நேரம்.

ஒக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. லக்ஷனுக்கு ஏடு தொடக்கினோம். போன வருடமே தொடக்கியிருக்க வேண்டும், காய்ச்சல் வந்து தள்ளிப்போனது. பிள்ளையார் கோயிலில் வேட்டி சால்வையோடு பிள்ளைகள் வரிசை. சிலது அழுகை, சிலது நித்திரை.

ஐயர் இவனை மடியில் இருத்தி, சுட்டுவிரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதுவித்தார். முதல் வளைவு எழுதும்போதே இவன் குனிந்தான். குனிந்து, குனிந்து, மூக்கு அரிசிக்குள் போய்விட்டது.

"எழுதச் சொன்னால் பிள்ளை சாப்பிடப் பாக்கிறார்!" என்று ஐயர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் இரண்டு அரிசி. "அம்மா, கோடு!" என்றான் என்னைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை. நான் நின்ற பக்கத்துத் தூணைப் பார்த்து.

அரிசியில் வெளிச்சம் இல்லை. திரை இல்லை. ஓடுகிற படம் இல்லை. தன் விரல் போட்ட கோட்டைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு குனிந்தான்.

உள்ளங்கை. பொத்தான். எறும்பு.

நான் இதை மறுபக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போன் பார்த்துக் கண் போகவில்லை. என்ரை பிள்ளைக்குக் கண் தெரியாது. தேர் கிட்ட வராது, ரீச்சரின்ரை போட் கிட்ட வராது, அம்மாவின்ரை முகமும் எந்த நேரமும் கிட்ட வராது. போன் ஒண்டைத்தான் அவனாலை மூக்கடிக்குக் கொண்டுவர ஏலும். அதாலைதான் அதிலை அந்த ஆசை. நான் அதையும் பறிச்சு அலுமாரிக்கு மேலை வைச்சன்.

கோயில் வீதியிலேயே பிரணவனின் கையைப் பிடித்து, "நாளைக்கே காட்டுவம்," என்றேன். ஏன் இப்போது என்று அவர் கேட்கவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

இன்றுதான் டொக்டரின் நேரம் கிடைத்தது. சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் வெளிச்சம் அடித்து, நிறைய நேரம் பார்த்தா. அவ கேட்க முதல் நானே சொன்னேன்: "டொக்டர், நான்தான் போன் குடுத்துப் பழக்கினது."

"போனைக் குறைக்கத்தான் வேணும். அது வேறை கதை. இது அதாலை வந்த மாதிரி இல்லை, பிறந்ததிலை இருந்தே இருந்திருக்கும். கிட்டப் பார்வை, ரெண்டு கண்ணிலையும் அளவு கூட. அதிலை இடது கண் மோசம். அந்தக் கண்ணை மூளை கைவிடத் தொடங்கியிட்டுது." பிறகு பேனையை வைத்துவிட்டு, "முதன்முதல் எப்ப அம்மா கவனிச்சனீங்கள்?"

எத்தனை பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை.

"ஆவணியிலை," என்றேன். அதற்கும் முந்தி என்று எனக்குத் தெரியும்.

"அப்பவே கொண்டு வந்திருக்கலாம். சரி, இந்த வயசிலை முயற்சி செய்யலாம்." கண்ணாடி. பிறகு நல்ல கண்ணை மூடி ஒட்டு ஒட்டி, பலவீனமான கண்ணைப் பார்க்கப் பழக்க வேணும். எவ்வளவு திரும்பும் என்று சொல்லவில்லை. நான் கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேணுமாம்.

பஸ்ஸில் பிள்ளை என் மடியில் நித்திரை. நான் காத்திருந்த ஏச்சு வரவே இல்லை. வந்தது 'அப்பவே' என்ற ஒரு சொல், அது சரியான இடத்தில் பட்டது.

ஒக்டோபர் 10, வெள்ளி

மச்சாளுக்கு எடுத்தேன். டொக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, "மச்சாள், அந்தக் காலமை வெயில் நான் எழுதினது," என்றேன்.

"எந்த வெயில்?"

"யூடியூப்பிலை கேட்டீங்களே. அப்பிடி ஒரு போன் இல்லை. பிள்ளையளின்ரை கதை நான் சேர்த்தது."

"அடியே, நான் அதை என்ரை சினேகிதியள் எல்லாருக்கும் அனுப்பினனானடி!" சிரித்தாவா, கோபமா, தெரியவில்லை. "ஒருத்தி தன்ரை பேத்திக்குக் கண்ணாடி போடாமல் அந்தப் போன் வரட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்."

"இண்டைக்கே சொல்லுங்கோ மச்சாள். காட்டச் சொல்லுங்கோ."

"சொல்லுறன். நீயும் ஒரு எழுத்துக்காரி!"

ஜெயசுதனிடம் வீடியோவை எடுக்கச் சொன்னேன். "அக்கா, உள்ளதுக்குள்ளை அதுதானே நல்லா ஓடுது," என்று இழுத்தான். எடுக்காவிட்டால் இனி ஒரு வரியும் தரமாட்டேன் என்றேன். பின்னேரம் எடுத்துவிட்டான். மற்ற மூன்று பக்கங்களுக்கும் எழுதினேன். பதில் இல்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

கண்ணாடி வந்தது. கழற்றி எறிந்தான். திரும்பப் போட்டேன். திரும்ப எறிந்தான். நல்லகாலம் உடையவில்லை. இருவரும் அழுதோம்.

ஒக்டோபர் 24, வெள்ளி

ஒட்டு இன்னொரு போர். ஸ்ரெல்லா ரீச்சர் தானும் ஒரு கண்ணில் ஒட்டிக்கொண்டு வகுப்பில் நின்றாவாம். இன்று நேற்றைவிடக் கொஞ்ச நேரம் கூட வைத்திருந்தான். சுவரைக் காட்டி, "அம்மா, பல்லிக்குக் கண் இருக்கு," என்றான். ஓம் ராசா, இருக்கு.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று எழுதியது: சுருட்டி வைக்கக்கூடிய திரை வரலாமாம். வரலாம் என்றே எழுதினேன். ஜெயசுதனும் வரலாம் என்றே வாசித்தான், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

மத்தியானம் ஒட்டைக் கழற்றிய பிறகு ஒரு கார்ட்டூன் என்று பேச்சு. கண்ணாடியோடு பாயில் இருந்தான். பழைய வெடித்த போனைத்தான் எடுத்தேன். சோற்றுக் கோப்பை ஒரு கையில், போன் மறு கையில், வழக்கம்போல அவன் மூக்கடிக்குக் கொண்டுபோனேன்.

என் கையைப் பிடித்துத் தள்ளினான்.

"தள்ளிப் பிடியுங்கோ அம்மா."

கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"இன்னும்."