நாலாயிரம் பீஸ் பார்த்த குழந்தையம்மாள்

ஜூன் 9, திங்கள்

பத்து நிமிடக் கூட்டம் முக்கால் மணி நேரம் ஓடியது. எங்கள் நால்வர் குழுவுக்குத் தலைவர் சகாயராஜ் அண்ணன். நிரல் எழுதுவது ரித்தீஷ். திரை வடிவமைப்பது அனுப்பிரியா. இவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பது நான். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. வீட்டில் கேட்டால் இங்கேயும் அதே வேலைதான் என்பார்கள்.

நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் யார் எத்தனை பீஸ் முடித்தார்கள் என்று கணக்கெடுக்கும் எங்கள் மென்பொருளுக்கு இருபதாம் தேதி வரைதான் சோதனைக் காலம். முதலாளி பழனிமுத்து வேண்டாம் என்றுவிட்டால் திருப்பூர் அலுவலகத்தை மூடிவிட்டு, ஜூலை ஒன்று முதல் எங்களைக் கோவையில் ஆளுக்கொரு குழுவாகப் பிரித்துப் போடுவார்களாம். போக வர மூன்று மணி நேரம் பஸ். அதைவிட - இங்கே யார் படிக்கப் போகிறார்கள் - இந்த மூன்று பேரையும் எனக்குப் பிடிக்கும். நேரில் சொல்ல மாட்டேன்.

ஜூன் 10

ரித்தீஷ் பெயரில் ஒன்பது பிழை பதிந்தேன். ஒன்பதுக்கும் ஒரே பதில்: "என் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது."

ஜூன் 12, வியாழன்

பழனிமுத்து போன் செய்தார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, எங்க குழந்தையம்மாளு ஒரே நாள்ல நாலாயிரத்துச் சொச்சம் பீசு செக்கிங் பாத்து, பிசிறு வெட்டி, அயர்ன் பண்ணி, பெட்டியும் கட்டிருச்சுன்னு உங்க பொட்டி சொல்லுதுங்க. அந்தம்மாளுக்கு எத்தன கையிங்க?"

மற்ற இருபத்திரண்டு பெண்கள் பெயரிலும் பூஜ்யம்.

ரித்தீஷ், "கோடு சரிதானுங்க, டேட்டாதான் தப்பு" என்றான். அனு, "வர்றதத்தானுங்க என்ற ஸ்கிரீன் காட்டுது" என்றாள். நான் என் பட்டியலை எடுத்துப் போட்டு, "இதுல உள்ளது எல்லாத்தையும் பாத்தாச்சு" என்றேன். மூன்று பேரும் உத்தமர்கள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு தப்புன்னு நான் கேக்கல. என்ன நடந்துச்சுன்னு கேக்கேன். ஜோதி, நீ போயி பாத்துட்டு வா."

கம்பெனிக்கு அலைவது என் வேலையா? அல்ல. அதையும் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் செக்கிங்கில். பத்தரைக்கு அயர்ன் மேசையில் குவியல் ஏறியது. இரண்டு பேர் அங்கே போனார்கள். அட்டைப்பெட்டி வந்து இறங்கியதும் பாதிப் பேர் பேக்கிங்கில். யாரும் யாரையும் ஏவவில்லை. குவியல் எங்கே உயர்கிறதோ அங்கே கை போகிறது.

நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஆளுக்கு ஒரு ரகசிய எண். செக்கிங் பெண்ணின் எண் செக்கிங் மேசை டேப்லெட்டில் மட்டும்தான் திறக்கும். அவள் பேக்கிங்குக்குப் போனால் திரை மறுத்துவிடும். குழந்தையம்மாள் எண் ஒன்றுதான் நான்கு மேசையிலும் திறந்தது. அதைச் சாக்பீஸால் நான்கு மேசையிலும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

"என்ற நெம்பரு ராசியான நெம்பருங்க கண்ணு" என்றார் குழந்தையம்மாள், வெட்கத்தோடு. "எங்க போனாலும் தொறக்குது. மத்தவங்களுது ஆகறதில்லீங்க."

ராசியும் இல்லை ஒன்றும் இல்லை. முதல் நாள் செய்துகாட்டுவதற்காக அனு அந்த ஒரு எண்ணுக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டாள், மூட மறந்தாள். நான் அன்றைக்கே பார்த்தேன். அனுமதி கொடுப்பது அண்ணன் பொறுப்பு, என் பட்டியலில் இல்லையே என்று விட்டுவிட்டேன். பார்த்துட்டு சும்மா இருந்தவ நாந்தான். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. யாரும் திட்டவில்லை. "நானுந்தானுங்க்கா மறந்துட்டேன்" என்றாள் அனு. ரித்தீஷ், "அந்தப் பூட்டே வேண்டாமுங்கண்ணா. நாந்தான் பிடிவாதமா வெச்சேன்" என்றான். இனி ஒவ்வொருத்தியும் திரையில் தன் படத்தைத் தொட வேண்டும், நிற்கும் மேசையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆறு நாளில் முடித்துவிடலாம் என்றான்.

மத்தியானம் தாராபுரத்திலிருந்து அவனுக்குப் போன். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்; பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்ததாம். பைக் சாவியைத் தேடினான். அனு எடுத்துக் கொடுத்தாள். அவன் போனதும் மூவரும் அவன் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 16, திங்கள்

அந்த நாற்காலியில் நான். "காலேஜ்ல படிச்சதுதானம்மா" என்றார் அண்ணன், ஏதோ நேற்றுப் படித்தது போல. பதினொரு வரி எழுதினேன். ஒன்றும் ஓடவில்லை. இதைத்தானா இத்தனை வருடம் "சின்ன மாற்றம்தானே" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

நாலு மணிக்கு அவனே கூப்பிட்டான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். "பாப்பா தூங்கறாளுங்க்கா. நீங்க எத்தனாவது வரியில நிக்கறீங்க?"

ஜூன் 17

ஓடியது! அனு உட்கார்ந்து சோதித்தாள். பிழைப் பதிவேடு அவளுக்குப் பழக்கமில்லை, ஒரு தாளில் ஏழு தவறு எழுதிக் கொடுத்தாள். "என் பக்கம்..." என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஏழும் என் பக்கம்தான்.

ஜூன் 18, புதன்

அண்ணன் நெருப்பெரிச்சலில் பெட்டி கட்டினார். கை நிறைய வேலை இருக்கும்போது திரையில் எது இடிக்கிறது என்று பார்க்கத்தானாம். சட்டையெல்லாம் ஒட்டுநாடாவோடு வந்து, "பொத்தான இன்னும் பெருசாக்குங்கப்பா, வெரல் நிக்க மாட்டேங்கு" என்றார். இன்னொரு கோரிக்கையும் கொண்டுவந்தார்: படம் சரியில்லை, பூ வைத்துக்கொண்டு வருகிறோம், திரும்ப எடுக்க வேண்டும் என்று இருபத்து மூன்று பேரும் சொல்கிறார்களாம். அனு நாளை போகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

கடைசி நாள். பழனிமுத்து கணக்கை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் படித்தார். இருபத்து மூன்று பெயரிலும் எண் இருந்தது. குழந்தையம்மாளுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு.

"ஏஞ்சாமி, என்ற நாலாயிரம் எங்க போச்சு?" என்று குழந்தையம்மாள் கேட்க, முதலாளியே சிரித்துவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "சரிங்க, இங்கயே இருக்கட்டும். பல்லடம் யூனிட்டுக்கும் ஒண்ணு வெச்சுக் குடுத்துருங்க" என்றார்.

வெளியே வந்து அனு என்னைக் கட்டிக்கொண்டாள். நானும்தான். அண்ணன் அப்போதே தாராபுரத்துக்குப் போன் போட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

கோவையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாள். வழக்கம்போல ஒன்பதேகாலுக்குக் கிளம்பினேன்.

ரித்தீஷ் இன்றுதான் வந்தான். பாப்பா படத்தைக் காட்டிய கையோடு நான் எழுதியதைச் சோதிக்க உட்கார்ந்தான். பதினொரு மணிக்குப் பதிவேட்டில் புதிய வரி: ஒருத்தி நடுவில் மேசை மாறினால் கடைசி பீஸ் இரண்டு இடத்திலும் எண்ணப்படுகிறது. பொறுப்பு: நாகஜோதி. மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்தில் என் பெயரை நான் பார்த்ததே இல்லை.

அவன் என் பின்னால் நின்று நெளிந்தான். "கோவிச்சுக்காதீங்க்கா. வேணும்னா நானே மாத்தீரட்டுங்களா?"

"நான் எழுதுனதுப்பா, நானே பாக்குறேன். நீ பக்கத்துல உக்காரு."

சாப்பாட்டுக்கு முன்பே சரியாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இவரிடம் சொன்னேன், என் நிரலில் ஒரு பிழை பதிவாகியிருக்கிறது என்று.

இவருக்குப் புரியவில்லை. "தப்பு பண்ணதுக்கா இம்புட்டு சந்தோசம்?"

ஆமாம் என்றேன்.