மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா

மார்ச் 3
மருமகளுக்குப் பால் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன கலந்தீங்க அத்தே?" என்றாள். அதுவும் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன் முன்னால்! அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினுக்குள் தலையை விட்டான். பஸ் ஓட்டுகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இது? அவளுக்கு இருக்கிற லூபஸ் வியாதி மூட்டுகளைத்தான் படுத்தும் என்றார்களே, நாக்கையுமா?

மார்ச் 5
மூட்டு வீக்கத்துக்காக அவளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 8
என்னோடு பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 11
காலையில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறையில் விழுந்தாள், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "அம்மா, அவளை ஒருக்களிச்சுப் படுக்க வைம்மா!" என்று பையன் கத்துகிறான். எனக்குக் கை ஓடவில்லை. போயிடுவாளோ?

மார்ச் 12
ஆஸ்பத்திரி. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் பண்ணினார்கள். கிருமி எதுவும் இல்லையாம். லூபஸ் மூளையைத் தாக்கினாலும் புத்தி பிசகுமாம், ஸ்டீராய்டு கூடினாலும் பிசகுமாம். லூபஸ் என்றால் மருந்தை இன்னும் ஏற்ற வேண்டும், ஸ்டீராய்டு என்றால் குறைக்க வேண்டும்.
"பேச்சு மாறினது மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று டாக்டரம்மா கேட்டார்.
"பின்னாலதான்" என்றான் பையன்.
"முன்னால" என்றேன். பால் விஷயத்தைச் சொன்னேன்.
"இந்த நேரத்துலயும் உனக்கு அவமேல கோபமாம்மா?"
"கோபம் இருக்கிறதாலதான்டா ஞாபகம் இருக்கு."
டாக்டரம்மா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஏற்றலாம் என்றார்.

மார்ச் 13
நரம்பு வழியாகப் பெரிய அளவு ஸ்டீராய்டு ஏறுகிறது. வலிப்புக்குத் தனி மருந்து. நான் சொன்னது தப்பாக இருந்தால்? ரிப்பேர்காரன் பிறகுதான் வந்தானோ? — இல்லை. மாத்திரையைக் கூட்டிய அன்று அவள் போட்டிருந்த யூனிஃபார்ம், அவன் சரிசெய்த மெஷினில் துவைத்தது. இல்லை, முன்னால்தான். முன்னால்தானே?

மார்ச் 14
என்னைப் பார்த்து, "யாரு இது?" என்றாள். பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஐயோ, நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 21
இன்னொரு பலமான மருந்தும் ஏற்றினார்கள். இனி மாதத்துக்கு ஒருமுறை. சுவரோடு பேசுவது குறைந்திருக்கிறது. இதை நம்பவும் பயம்.

ஏப்ரல் 6
வீட்டுக்கு வந்துவிட்டாள். வலிப்பு வந்ததால் இப்போதைக்குப் பஸ் ஓட்டக் கூடாதாம், அழுதாள். பால் கொடுத்தேன். முகர்ந்தாள். எனக்கு உயிரே நின்றுவிட்டது.
"சர்க்கரை எங்க அத்தே?"
"ஸ்டீராய்டால ரத்தத்துல சர்க்கரை ஏறுமாம், டாக்டரம்மா போடக் கூடாதுன்னாங்க."
"உங்களுக்கு நல்ல சாக்கு கிடைச்சுது." குடித்துவிட்டாள்.
அன்றைக்குப் பேசியது வியாதி என்றார் டாக்டரம்மா. சரி, அதை விட்டுவிட்டேன். கல்யாணத்தன்று என் காதுபட, "இந்த அம்மா வாயை மூடவே மாட்டாங்களா?" என்றாளே, அது நல்ல புத்தியோடு சொன்னது.
அந்தக் கோபம் இருக்கட்டும்.