ஒரே வரியில் எல்லா விவசாயிகளும்

ஸ்ஃபாக்ஸ், அக்டோபர் 3

தலைநகரத்துப் பெரிய மனிதன் பிலேலுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. நலமாகத்தான் இருப்பாய், கல்யாணமான புதிதில் யாரும் மெலிந்து நான் பார்த்ததில்லை. ரீமுக்கு என் ஸலாம்.

என் இடது சுண்டுவிரல் வேலைநிறுத்தம் செய்கிறது. ஈமாக்ஸ் எடிட்டரில் எதைச் செய்வதானாலும் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்றைத் தட்ட வேண்டும். எட்டு வருடமாக அந்தப் பாரத்தைச் சுமந்தது இந்த விரல்தான். டாக்டர் கேட்டார்: "தம்பி, பியானோ வாசிப்பீங்களா?"

"இல்ல டாக்டர், புரோகிராம் எழுதுறேன்."

"எழுதுறதுக்கா விரலை இந்தப் பாடு படுத்தியிருக்கீங்க?"

பட்டை கட்டிவிட்டார். இப்படியே போனால் டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாதாம்.

ஹாஜ் மொன்ஸெஃபின் ஆலையில் நவம்பரில் ஆலிவ் அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். யாருக்கு அடுத்து யார் முறை என்பதை நம் புரோகிராம்தான் காட்ட வேண்டும். நீ பாதியில் விட்டுப்போனது பாதியிலேயே கிடக்கிறது. முடித்துக் கொடு. இல்லையென்றால் ஹாஜ் வேறு ஆளைப் பார்ப்பார்.

உன் நாற்காலியில் இப்போது என் பை உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிட நல்ல கூட்டாளி. எதிர்த்துப் பேசுவதில்லை.

வஜ்தி


துனிஸ், அக்டோபர் 6

அன்புள்ள முரடனுக்கு,

முடித்துக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் இன்னும் பத்து வருடம் அதே விரலை முறித்துக்கொண்டிருப்பாய். ஈமாக்ஸை விட்டு, நான் எழுதும் விம் எடிட்டருக்கு மாறு. அங்கே எஸ்கேப்பை ஒருமுறை தட்டிவிட்டால் எழுத்து விசைகளே கட்டளைகள். ஜே தட்டினால் கீழே, கே தட்டினால் மேலே. எதையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. பழக உதவியாக என் அமைப்புக் கோப்பை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நான் கல்யாணத்துக்காக மட்டும் துனிஸ் வந்தேன் என்றா நினைக்கிறாய்? ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுதியதில் ஒரு புள்ளியைத் திருத்த வேண்டும் என்றாலும், "இந்த விம் சனியனை நான் தொடமாட்டேன், நீயே திருத்து" என்பாய். ஒருவர் எழுதியதில் மற்றவர் கைவைக்க முடியாதென்றால் பக்கத்தில் எதற்கு உட்கார வேண்டும்? எங்கிருந்தும் எழுதலாமே என்று கிளம்பினேன்.

என் விசைப்பலகையில் நீ கைவைக்கும் நாள் வந்தால் சொல். வாராவாரம் ரயிலேறி வருகிறேன். விரல் பத்திரம்.

பிலேல்


ஸ்ஃபாக்ஸ், அக்டோபர் 8

பிலேல்,

உன் கோப்பைத் திறந்து பார்க்காமலே அழித்துவிட்டேன். ஈமாக்ஸ்காரன் ஈமாக்ஸ்காரனாகவே சாவான். மிச்சத்தை நானே முடிக்கிறேன். விரல் என்னுடையது, போனால் போகட்டும்.

வஜ்தி

பி.கு.: ரீம் கொடுத்தனுப்பிய மக்ரூத் இனிப்பு வந்தது. அதை மட்டும் அழிக்கவில்லை, தின்றுவிட்டேன்.


ஸ்ஃபாக்ஸ், நவம்பர் 14

பிலேலுக்கு,

ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை நீ. சரி, நான் திறக்கிறேன்.

வேலை முடிந்தது. ஆலை ஓடுகிறது. விரலும் பரவாயில்லை. ஓய்வு கொடுத்தேன், அவ்வளவுதான்.

நேற்று ஒரு கூத்து. முற்றத்தில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. என் மடிக்கணினியை அங்கிருக்கும் பெரிய டிவியில் இணைத்துவிட்டு, முறை வரிசையில் யாரோ ஒருவரின் பெயரைத் திருத்தப் போனேன். பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறேன், திடீரென்று பெயர்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அத்தனை விவசாயிகளும் ஒரே வரியில்! மின்சாரக் கோளாறாக இருக்கும்.

முற்றத்தில் ஒருவர் கத்தினார்: "ஏம்பா, என்னையும் அந்த ஹெதியையும் சேத்துக் கட்டிட்டியே! பத்து வருஷமா நாங்க பேசிக்கிறதே கிடையாது!"

"வேலிச் சண்டைய கம்ப்யூட்டர் தீத்து வச்சிருச்சு, விடுய்யா!" என்றது இன்னொரு குரல்.

ஹாஜ் மொன்ஸெஃப் என் தோளில் கைபோட்டார். "வஜ்தி, இப்ப இவங்க ஆலிவை எல்லாம் ஒண்ணாக் கொட்டி அரைக்கச் சொல்றியா?"

பிறகு ஒரு விசையைத் தட்டத் தட்ட, ஒவ்வொருவராகப் பிரிந்து தங்கள் வரிக்குப் போனார்கள். பிரிந்த ஒவ்வொருவருக்கும் கூட்டம் கைதட்டியது. ஹெதிக்குத்தான் சத்தம் அதிகம்.

சும்மா சொல்லத் தோன்றியது.

வஜ்தி


துனிஸ், நவம்பர் 15

மின்சாரக் கோளாறுக்கு,

பெயர்களை ஒட்டவைக்கும் மின்சாரம் எங்கள் ஊரில் வருவதில்லை. விம்மில் சின்ன ஜே கீழே இறங்கும். பெரிய ஜே அடுத்த வரியை இழுத்து மேல்வரியோடு ஒட்டும். கேப்ஸ் லாக் போட்டிருப்பது தெரியாமல் நீ கீழே இறங்கியிருக்கிறாய். ஈமாக்ஸ்காரன் எத்தனையோ தப்புச் செய்யலாம், இந்தத் தப்பை மட்டும் அவனால் செய்ய முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரியின் கண்ணெதிரே நானும் செய்திருக்கிறேன். பிரித்துவிட்டது, செய்ததை ரத்துசெய்யும் யூ விசை. சரிதானே?

ஆக, விரலுக்கு ஓய்வு கிடைத்தது எப்படி என்று புரிந்தது.

உன் கடிதத்தை ரீமுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க ஃபிரெண்டுக்குப் பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரலையே" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், இன்னொருமுறை சொன்னால் நீ வீம்புக்கே மாறமாட்டாய் என்பதுதான். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். நீ எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிலேல்


ஸ்ஃபாக்ஸ், நவம்பர் 16

பிலேல்,

கோப்பை அழித்தது உண்மை. மறுநாளே குப்பையிலிருந்து எடுத்ததும் உண்மை. கேப்ஸ் லாக் விசையை இன்று காலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிடுங்கிவிட்டேன்.

இப்போதும் சொல்கிறேன், ஈமாக்ஸ்தான் மேல். என் விரல்தான் அதற்குத் தகுதியில்லாமல் போய்விட்டது.

முதல் வாரம் உன்னைத் திட்டாத நிமிடமில்லை. இப்போது உன் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ எழுதியதில் நேரடியாகக் கைவைக்கிறேன். நிறையத் தப்பு இருக்கிறது. வந்து பார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து "அதுக்கு இதவிடச் சுருக்கமா ஒரு வழி இருக்கு" என்று ஆரம்பித்தால் அடுத்த ரயிலிலேயே ஏற்றிவிடுவேன்.

மக்ரூத் எடுத்து வா. பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டேன்.

வஜ்தி